நின்றுகொண்டே அடித்த தீர்மானம்

ரெமிஜியுஸின் வலது பெருவிரல் ரேகைக் கருவியின் மேல் இருந்தது. சங்கு குளிக்கிறவர்களின் ரேகை அவ்வளவு சீக்கிரம் விழாது. உப்புத் தண்ணீரும் சங்கின் ஓடும் சேர்ந்து விரலைத் தேய்த்து வழவழப்பாக்கிவிடும். ஏழு தரம் அழுத்தியும் சிவப்பு விளக்குதான். எட்டாவது தரம் பச்சை எரிந்தது. பெயர், அப்பா பெயர், படகு எண், ரத்த வகை எல்லாம் அடித்து முடித்திருந்தேன். அனுப்புகிற பொத்தானை நோக்கி அம்புக்குறியைக் கொண்டுபோனேன்.

திரை கறுத்துவிட்டது.

மேஜைக்கு அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கம்ப்யூட்டர் பெட்டிக்குள் விசிறி சுற்றியது, அதன் சின்ன விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் அப்போதுதான் தூங்கி எழுந்ததுபோல எனக்கு வணக்கம் சொன்னது.

ரெமிஜியுஸ் இன்னும் விரலை எடுக்கவில்லை. "அக்கா, போயிட்டா?"

"போயிட்டு."

"இது நாலாவது தரம்க்கா. ரெண்டு நாளா நான் கடலுக்குப் போவல."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன வேணும்னா பண்ணுதேன்?" என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். முப்பத்தைந்து வயசு ஆள், பாதிப் பொழுதைக் கடலுக்கு அடியில் கழிக்கிறவன். மேலே வந்தால் சத்தம் போட்டுப் பேசக்கூட மாட்டான்.

இந்தத் தொடரில் என் கோபத்தைப் பற்றியே அதிகமாக எழுதுகிறேன் என்று போன வாரம் ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். கோபம் இல்லாத வாரம் எதுவும் என் வாழ்க்கையில் கிடைக்கவில்லை, அம்மா. இந்த வாரமும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்த கதை

தூத்துக்குடிக்கு வடக்கே, பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் அந்தக் கடற்கரை. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கே யாராவது இந்தப் பத்திரிகையை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள்.

என் வீட்டுக்காரருக்கு அங்கே உப்பளத்தில் மோட்டார் பார்க்கிற வேலை. நான் ஏரல் பக்கம், நெல் விளைகிற ஊரில் பிறந்தவள். கடற்கரைக்குப் போன நாளிலிருந்து எனக்குப் பெயர் போய்விட்டது. எல்லாருக்கும் நான் 'ஏரல்காரி'. முதலில் கோபம் வந்தது. பிறகு யாராவது என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மறந்துபோனேன்.

கல்யாணத்துக்கு முன்பு ஏரலில் டைப் படித்திருந்தேன். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர். அந்தச் சான்றிதழ் பெட்டிக்கு அடியில் பல வருஷம் சும்மா கிடந்தது. சங்கு குளிப்பவர்கள் சங்கத்தில் கடிதம் எழுத ஆள் வேண்டும் என்றபோது, அதை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு போய் நின்றேன்.

சங்கக் கட்டடம் என்றால் ஒரே ஒரு அறை. முன்பாதியில் சங்குகளைக் குவித்து வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் சதை அழுகி வெளியே வருகிறவரை அப்படியே கிடக்கும். அந்த நாற்றத்தை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். பின்பாதியில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, நான்.

குளிக்கப் போகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை வேண்டும். அதைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். அட்டை இல்லாமல் போனால் கடலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முன்பு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். அப்புறம் எல்லாம் ஆன்லைன் என்று ஆகிவிட்டது. ஆளுக்கு ஒரு நாள் கடலை விட்டுவிட்டு, பஸ் ஏறி, தூத்துக்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வரிசையில் நிற்பார்கள். ரேகை விழாது. "நாளைக்கு வாங்க" என்பார்கள். மறுநாளும் ஒரு நாள் கடல் போச்சு.

நமக்கே ஒரு கம்ப்யூட்டர் வாங்கினால் என்ன என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டது நான்தான். கூடாது என்று சொன்னது கஸ்பார் அண்ணாச்சி.

கஸ்பார் அண்ணாச்சி சங்கத்தின் செயலாளர். அறுபது தாண்டியவர். முப்பது வருஷம் குளித்தவர், அவருடைய அப்பா முத்துக் குளித்தவர். ஆழத்தில் ஒரு நாள் அவருக்கு வலது காது போய்விட்டது. அதனால் அவரிடம் பேச வேண்டியதை இடது பக்கம் நின்றுதான் பேச வேண்டும். சண்டை போடுவதும் இடது பக்கம்தான். நான் அந்தப் பக்கத்தில் நின்ற நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

"ஏளா, இது கடற்கர. இங்கன ஒரு ஆணி அடிச்சா ஆறு மாசத்துல துருப்பிடிச்சு உதுந்துருது. கம்ப்யூட்டர் நிக்குமா? உப்புக் காத்து தின்னுரும்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டு பிரிட்ஜை உப்புக் காற்று தின்றிருக்கிறது. மூன்று செல்போன், ஒரு டிவி, ஒரு இரும்பு பீரோவின் இரண்டு கால்கள். அந்த ஊரில் எதற்கும் காரணம் உப்புக் காற்றுதான். கடிகாரம் நின்றால் உப்புக் காற்று. பிள்ளை பரீட்சையில் தோற்றால்கூட அதுவாகத்தான் இருக்கும்.

கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். குளிக்கிறவர்கள் எல்லாரும் என் பக்கம் தூக்கினார்கள். பெட்டி வந்தது. இரண்டு வருஷம் ஒழுங்காக ஓடியது.

அந்த இரண்டு வருஷமும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தும்போது எனக்கு ஒரு ராஜ்யம் கிடைத்ததுபோல இருக்கும். வீட்டில் எனக்கென்று ஒரு நாற்காலி கிடையாது.

ஆளுக்கொரு வைத்தியம்

மூன்றாவது வருஷம், தவக்காலம் தொடங்குகிற சமயத்தில் பெட்டி தானாக அணைந்து தானாக எழ ஆரம்பித்தது. முதலில் நாளைக்கு ஒரு தரம். பிறகு மணிக்கு ஒரு தரம். அட்டை புதுப்பிக்கிற நேரம் வந்தபோது, ஒரு ஆளின் படிவத்தை முழுதாக முடிக்க விடவில்லை.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலைச் சிலுவையை ஒருவர் திரைக்கு மேலே சொருகிவிட்டுப் போனார். அதை நான் எடுக்கவில்லை, அது பாட்டுக்கு இருந்தது. கோயிலில் மந்திரித்த தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து பெட்டிமேல் தெளிக்க வந்த பெரியம்மாவை மட்டும் குறுக்கே விழுந்து தடுத்தேன். "உனக்கு விசுவாசம் இல்ல" என்றார். "விசுவாசம் இருக்கு பெரியம்மா, உள்ள கரண்டும் இருக்கு" என்றேன்.

கரண்ட் சரியில்லை என்று சிலர் சொன்னார்கள். அதைச் சோதித்துப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற அதே யூபிஎஸ்ஸில் ஒரு மேஜை விளக்கையும் சொருகினேன். கம்ப்யூட்டர் அணைந்து விழுந்தபோது விளக்கு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அப்படியானால் கரண்ட்மேல் பழி இல்லை.

மீரான் பாயைக் கூப்பிட்டோம். காயல்பட்டினத்துக்காரர். கடற்கரை முழுக்கக் கம்ப்யூட்டர் பழுது பார்க்க ஸ்கூட்டரில் போகிறவர், எப்போதும் அவசரம். முதல் தரம் வந்து, "வைரஸா இருக்கும்க்கா" என்று எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக வின்டோஸ் போட்டார். அவர் ஸ்கூட்டர் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் பெட்டி விழுந்தது. இரண்டாம் தரம் வந்து மெமரிப் பட்டையைக் கழற்றி, அதன் பித்தளைப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டினார். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற சின்னப் பெட்டியையும் புதிதாக மாற்றினார். உள்ளே டார்ச் அடித்து, "விசிறி சுத்துது, ஒண்ணுமில்ல" என்றார். மறுநாள் காலையில் மறுபடியும் 'டிக்'.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த கஸ்பார் அண்ணாச்சி ஒரு வியாழக்கிழமை வந்து மேஜை முன்னால் நின்றார். வெளியே பத்துப் பதினைந்து பேர் சங்கு கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"புதன்கிழமையோட அட்டைக்குக் கெடு முடியுது. தூத்துக்குடி பிரவுசிங் சென்டர்காரன்ட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கிழம கூட்டத்துல முடிவு பண்ணி, இந்தப் பெட்டிய அவங்கிட்டயே கொடுத்துருவோம். இனிமே எல்லா வேலையும் அவன் பாத்துக்கிடுவான்."

"அப்ப இவங்க திரும்பவும் பஸ் ஏறணுமா?"

"ஏறட்டும். உப்புக் காத்துல இது நிக்காதுன்னு நான் அன்னைக்கே சொன்னேம்லா?" பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காத்து மட்டுமில்லளா. உன் கையும் சரியில்ல போல. நீ வராத அன்னைக்கு நான் போட்டுப் பாத்தேன். அது பாட்டுக்கு நல்லாத்தான் ஓடுச்சு" என்றார்.

என் காது இரண்டும் சுட்டது.

இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. ஏரல் டைப் இன்ஸ்டிடியூட்டில் ஒரு மிஷினின் நாடா அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அது நான் உட்காருகிற மிஷின். "இந்தப் பிள்ளைக்குக் கை ராசி இல்லை" என்று அங்கே ஒரு ஆள் சொன்னார். நான் பேசாமல் வேறு மிஷினுக்கு மாறினேன். அப்புறம் யார் உட்கார்ந்தாலும் நாடா சிக்கியது. அந்த ஆள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. பேசாமல் மாறினோமே என்ற எரிச்சல் எனக்கு இன்றுவரைக்கும் ஆறவில்லை.

அதனால் இந்தத் தரம் மாறுவதாக இல்லை. நாற்காலியை விட்டு எழுந்து, அவருடைய இடது பக்கத்துக்குச் சுற்றி வந்தேன். வெளியில் இருக்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சு எல்லாரும் இங்கன வாங்க. உங்க எல்லார் முன்னாலயும் இதத் தொறந்து காட்டுதேன். என் கை தப்புன்னு தெரிஞ்சா, அதுக்கப்புறம் இந்த நாற்காலில நான் உக்கார மாட்டேன்."

சங்கு கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது.

கையைக் கட்டிக்கொண்டு

சொல்லிவிட்டேனே தவிர, என்ன காட்டப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

ஒரு நோட்டை எடுத்தேன். பெட்டி எத்தனை மணிக்கு எழுந்தது, எத்தனை மணிக்கு விழுந்தது, அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன், கதவு திறந்திருந்ததா என்று எழுத ஆரம்பித்தேன். வியாழன் மதியம், வெள்ளி, சனி. வேறு வேலை செய்யவில்லை. வீட்டில் மூன்று நாளும் பழைய குழம்புதான். வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார், சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த நோட்டைப் புரட்டினால் எனக்கே ஆச்சரியம். காலையில் முதல் தரம் போட்டால் முக்கால் மணி நேரம் நிற்கிறது. விழுந்து எழுந்தால் அடுத்தது இருபது நிமிஷம். அதற்கடுத்தது பத்து. மதியம் அணைத்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய் வந்தால் மறுபடி முக்கால் மணி. கதவைத் திறந்து கடல்காற்றை உள்ளே விட்டால் இன்னும் பத்து நிமிஷம் கூடுதல்.

உப்புக் காற்று வந்தால் அதிகமாக நிற்கிறது! இதை அண்ணாச்சியின் நல்ல காதில் போய்க் கத்த வேண்டும்போல இருந்தது.

அதாவது இது சூடு. பெட்டிக்குள் எதுவோ கொதிக்கிறது. கொதித்ததும் விழுகிறது, ஆறினால் எழுகிறது. நான் இல்லாத அன்றைக்கு அண்ணாச்சி போட்டுப் பார்த்தது எவ்வளவு நேரம்? அவருக்கு இரண்டு பீடி குடிக்கிற நேரத்துக்கு மேல் ஓரிடத்தில் நிற்க முடியாது.

சனிக்கிழமை இன்னொன்றும் செய்தேன். பெட்டியைப் போட்டவுடன் வின்டோஸ் வருவதற்கு முன்னால் ஒரு பொத்தானை அழுத்தினால், பெட்டியின் உள் விவரங்களைக் காட்டும் ஒரு நீலத் திரை வரும். அதில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எதையும் தொடவில்லை. அப்போதும் விழுந்தது. வின்டோஸே வராத இடத்தில் வைரஸ் எங்கேயிருந்து வரும்? தொடவே தொடாத என் கையில் என்ன தப்பு இருக்க முடியும்?

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பாடிக்கொண்டே போனேன். எனக்குப் பாட வராது.

தொண்ணூத்தி எட்டு

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடற்கரையில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். காலைப் பூசை முடிந்து எல்லாரும் வெள்ளைச் சட்டையோடு வந்துவிட்டார்கள். அறைக்குள் நிற்க இடமில்லை. சங்குக் குவியலைச் சுற்றி, கதவில், ஜன்னல் கம்பியில், எங்கு பார்த்தாலும் தலை. மீரான் பாயையும் வரச் சொல்லியிருந்தேன். இரண்டு தரம் வந்தும் சரியாகாததில் அவருக்கும் ரோஷம். கஸ்பார் அண்ணாச்சி மேஜையின் ஓரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

நீலத் திரையைக் கொண்டுவந்தேன். அதன் ஒரு மூலையில் உள்ளே எவ்வளவு சூடு என்று ஒரு எண் காட்டும். அதைத்தான் எல்லாரும் பார்க்க வேண்டும் என்றேன். ஆழத்தில் குழாய் வழியாகக் காற்று தருகிற கம்ப்ரசரின் முள்ளைப் பார்த்து உயிர் பிழைக்கிறவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"எழுவது" என்றது முன்வரிசை. "எழுவது" என்று ஜன்னலுக்கு வெளியே சொல்லி அனுப்பினார்கள். எண்பது. எண்பத்தாறு. நான் கையை இரண்டு கக்கத்திலும் சொருகிக்கொண்டேன். தொண்ணூறு. யாரும் மூச்சு விடவில்லை. மூச்சடக்குவது அவர்களுக்குப் பழக்கம், எனக்குத்தான் மார் அடைத்தது.

"தொண்ணூத்தி எட்டு!"

'டிக்'. திரை கறுத்தது.

"பாத்தியளா! யாராவது தொட்டாங்களா? என் கை எங்க இருக்கு, சொல்லுங்க அண்ணாச்சி!" என்று கத்தினேன். வெளியே விசில் அடித்தார்கள். அந்த நிமிஷம் நான் எவ்வளவு உயரத்தில் இருந்தேன் என்று சொல்ல முடியாது. விழப்போகிறவளுக்கு உயரம் தெரியாது போல.

மீரான் பாய் கீழே உட்கார்ந்து பக்கத் தகட்டைக் கழற்றினார். நடுவில் பெரிய சிப்பின்மேல் ஒரு அலுமினியக் கட்டி, அதன் தலையில் விசிறி. முன்பு டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்த விசிறி சுற்றியது உண்மைதான். இப்போது அதன் நான்கு திருகாணிகளையும் கழற்றி விசிறியைத் தூக்கினார்.

விசிறிக்கும் அலுமினியக் கட்டிக்கும் நடுவில் கறுப்பாக ஒரு மெத்தை. அப்பம் அளவுக்குத் தடிமன். கட்டியின் இடுக்குகளில் காற்று போக ஒரு ஊசித்துளைகூட இல்லை. மீரான் பாய் அதை விரலால் சுரண்டினார். தூசி என்றால் உதிர வேண்டும். இது உதிரவில்லை, பிசின் மாதிரி நீண்டது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் வாடை வந்துவிட்டது. அழுகின சங்குச் சதையின் நாற்றத்துக்கு நடுவிலும் அந்த வாடை தனியாக வந்தது. காறிப்போன தேங்காய் எண்ணெய்.

கோழி இறகு

ஒரு விஷயத்தை இதுவரை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. வீட்டில் ஏதாவது காணாமல் போனால் விளக்குமாற்றை யாராவது சந்தேகப்படுவார்களா?

எங்கள் அப்பாவுக்கு எண்ணெய்ப் பைத்தியம். பம்ப்செட்டுக்கு எண்ணெய், கதவுக் கீலுக்கு எண்ணெய், மாட்டுக் கொம்புக்கு எண்ணெய், தையல் மிஷினுக்கு எண்ணெய், எங்கள் நான்கு பேர் தலைக்கும் எண்ணெய். எங்களைத் திட்டாத நாள் உண்டு, எதற்காவது எண்ணெய் விடாத நாள் கிடையாது. பம்ப்செட் கொட்டகையில் ஒரு டப்பாவில் தேங்காய் எண்ணெயும் ஒரு கோழி இறகும் எப்போதும் இருக்கும். இறகைத் தோய்த்து இடுக்கில் விட்டால் சத்தம் அடங்கிவிடும். எங்கள் வீட்டில் எண்ணெய் விட்டுக் கெட்டுப்போன பொருள் ஒன்றுகூடக் கிடையாது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கழிந்து பெட்டியின் விசிறி 'கிரீச் கிரீச்' என்றது. எனக்கு யோசிக்க என்ன இருக்கிறது? பக்கத் தகட்டைக் கழற்றினேன். கோழி இறகால் விசிறி நடுவில் தேங்காய் எண்ணெய் விட்டேன். சத்தம் போன இடம் தெரியவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் மேஜை துடைத்து, தரை கூட்டி, பெட்டிக்கு எண்ணெய் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். பெட்டி விழ ஆரம்பித்த பிறகு, பாவம், உடம்புக்கு முடியவில்லை என்று இன்னும் நாலு சொட்டுக் கூடுதலாக விட்டேன். நோட்டு எழுதின அந்தச் சனிக்கிழமைகூட விட்டேன். அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

எண்ணெய் எல்லாம் கீழே வடிந்து, தூசியைப் பிடித்து, வாரத்துக்கு ஒரு படலமாக ஏறியிருக்கிறது. பெட்டியின் மூச்சை அடைத்தது நான். என் கைதான்.

மீரான் பாய் நல்ல மனுஷன். திருகாணி தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார். "அக்கா, உப்புக் காத்துல ஈரம் கோத்து இப்படி ஆயிட்டுன்னு சொல்லிருதேன். இங்கன யாருக்குத் தெரியப்போவுது?"

எனக்கு ஆசை வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வந்தது. 'சரி பாய்' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த ஊரே நம்பும். என் மானம் தப்பிக்கும்.

ஆனால் உப்புக் காற்றுதான் காரணம் என்றால் அண்ணாச்சி சொன்னது சரி என்று ஆகும். பெட்டி தூத்துக்குடிக்குப் போகும். ரெமிஜியுஸ் பஸ் ஏறுவான். நான்தான் காரணம் என்றால் நான் மட்டும்தான் போக வேண்டும், பெட்டி இங்கேயே இருக்கலாம்.

செய்யாத குற்றத்தை என் தலையில் கட்டினார்கள் என்றுதானே இவ்வளவு ஆட்டம் ஆடினேன்? இப்போது நான் செய்ததை ஒரு காற்றின் தலையில் கட்டுவதா? எனக்குக் கோபம் வந்தது. இந்தத் தரம் என்மேலேயே.

"நாற்காலிய விடு"

அண்ணாச்சியின் இடது பக்கம் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, உப்புக் காத்து இல்ல. நான்தான். வாராவாரம் விசிறிக்குத் தேங்கா எண்ண விட்டிருக்கேன். அதான் அடச்சிக்கிட்டு."

முதலில் பேசினது ரெமிஜியுஸ்.

"எக்கா, அது மூச்சு விடுத எடம்லா? எங்க கம்ப்ரசர் காத்துல ரெண்டு சொட்டு எண்ண கலந்துட்டாலே கீழ கெடக்குதவனுக்கு நெஞ்சு அடச்சிரும். அங்கன போயா எண்ணய விட்டிய?"

அவன் கேலி செய்யவில்லை, நிஜமாகவே பதறிப்போய்க் கேட்டான். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. இத்தனை வருஷம் இவர்களோடு இருந்தும், இவர்களில் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும் என்பது அப்போதுதான் உறைத்தது.

கஸ்பார் அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "வியாழக்கிழம ஒரு வார்த்த சொன்ன."

"சொன்னேன்."

"அப்ப நாற்காலிய விடு."

நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய்ச் சுவரோரமாகப் போட்டேன். என் கண் நிறைந்துவிட்டது. நிறைந்தால் நிறையட்டும், யாரிடமிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நாற்காலிய விட்டுட்டேன். ஆனா கோளாறு என்னன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். காத்துமேல தப்பில்ல. அதனால கம்ப்யூட்டர் இந்த எடத்த விட்டுப் போவாது. மீரான் பாய், நீங்க சுத்தம் பண்ணுங்க."

மீரான் பாய் அந்த மெத்தையை உரித்தெடுத்தார். அலுமினியக் கட்டியைக் கழுவித் துடைத்தார். சிப்பின்மேல் சூட்டைக் கடத்துகிற பேஸ்ட்டைப் புதிதாகத் தடவினார். பையிலிருந்து ஒரு புது விசிறியை எடுத்து மாட்டினார். நீலத் திரையில் எண் நாற்பத்திரண்டுக்கு வந்து அங்கேயே நின்றது. அரை மணி நேரம் அத்தனை பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அசையவில்லை.

"சரி, இனி யாரு அடிக்கப் போறது?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

அண்ணாச்சி சுற்றிப் பார்த்தார். கடலுக்கு அடியில் கும்மிருட்டில் சங்கைக் கண்டுபிடிக்கிற அத்தனை ஆம்பிளைகளும் விசைப்பலகையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தார்கள்.

நான் மேஜைக்குப் பக்கத்தில் போய், விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன். "ரெமிஜியுஸ், வா. பெருவிரல வையி."

"ஏளா, என்ன பண்ணுத?" என்றார் அண்ணாச்சி.

"நாற்காலில உக்கார மாட்டேன்னுதான் சொன்னேன். வேல செய்ய மாட்டேன்னு சொல்லல. நல்லாப் பாத்துக்கிடுங்க, நிக்கேன்."

ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அண்ணாச்சிக்குக் கெட்ட காதும் கேட்டிருக்கும்.

ரெமிஜியுஸின் படிவம் ஒரே தரத்தில் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு வெளிச்சம் இருக்கிறவரை அடித்தேன். திங்கள், செவ்வாய், புதன், எல்லா நாளும் நின்றுகொண்டே அடித்தேன். மேஜை தாழ்வானது. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று. புதன்கிழமை மதியம் கடைசி ஆளின் அட்டையும் ஏறியது. ஒருவர்கூட விடுபடவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். எனக்கு வசதியாக, இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். "போதும்ளா, உக்காரு. பாக்க நல்லாவா இருக்கு?"

"கூட்டத்துல கொடுத்த வார்த்த. கூட்டம்தான் திருப்பித் தரணும்" என்றேன்.

அடுத்த ஞாயிறு கூட்டம் போட்டார்கள். அண்ணாச்சி சொல்லச் சொல்ல, தீர்மானத்தை நான்தான் நின்றுகொண்டே அடித்தேன். கம்ப்யூட்டர் சங்கக் கட்டடத்திலேயே இருக்கும், இது ஒன்று. ஏரல்காரி அதே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், இது இரண்டு. அதில் 'ஏரல்காரி' என்பதை அழித்துவிட்டு என் சொந்தப் பெயரை அடித்தேன். அண்ணாச்சி அதைக் கவனித்தார்.

"மூணாவது ஒண்ணு இருக்கு, அடி" என்றார். "கம்ப்யூட்டருக்கு யாரும் எண்ண விடக் கூடாது."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்து, பிரிண்ட் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே சங்கத்தின் முத்திரையும் விழுந்த பிறகு, சுவரோரம் கிடந்த நாற்காலியை நானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.